அணிலின் இடது கை

அத்தியாயம் 9

உங்களுக்கு ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது. அணிலுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது.

போன அத்தியாயத்தில் வாலு சைக்கிளிலிருந்து விழுந்தாள். தலையில் அடிபட்டிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். அடி ஒன்றும் இல்லை, ஆனால் வேறொன்று இருக்கிறது என்று டாக்டரம்மா இழுத்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். அந்த வேறொன்று இதுதான்: மூளையின் இடது பாதியையும் வலது பாதியையும் இணைக்கிற நரம்புப் பாலம் ஒன்று எல்லார் தலையிலும் இருக்குமாம். வாலுவின் தலையில் அது இல்லை.

பத்து வயதுப் பெண். கணக்கில் புலி. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஷூ லேஸ் கட்ட மட்டும் இன்னும் அம்மா வேண்டும். ஜோக் சொன்னால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, அரை நிமிஷம் கழித்துத் தனியாகச் சிரிப்பாள். டியூப் லைட் என்று வீட்டில் எத்தனை நாள் கேலி செய்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் அவள் சிரித்து முடிக்கிறவரைக்கும் அணில் காத்திருக்கிறாள்.

அணில் என்பது வாலுவின் அம்மாவுக்குச் செல்லப்பெயர். சின்ன வயதில் முன்பல் இரண்டும் துருத்திக்கொண்டிருந்ததால் வந்தது. பல்லைக் கம்பி போட்டு உள்ளே தள்ளிவிட்டார்கள், பெயரைத் தள்ள யாராலும் முடியவில்லை. இந்த வருஷம் முப்பத்தெட்டு முடிகிறது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, மெழுகில் பல் செதுக்கி செட் செய்து கொடுக்கிற லேபில் வேலை. அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவண்ணம். கை என்றால் ஒரு கைதான். மற்றவர்கள் பிளாஸ்டர் மாடலை இடது கையில் பிடித்துக்கொண்டு செதுக்குவார்கள். அணில் மட்டும் மேஜையோரத்தில் குட்டி வைஸ் ஒன்றை முடுக்கி, மாடலை அதில் கவ்வ வைத்துவிட்டு, வலது கையால் செதுக்குவாள். இடது கை ஏப்ரன் பாக்கெட்டில் இருக்கும்.

எல்லாம் அவள் அப்பா போட்ட சட்டம். அப்பாவுக்கு வலது கை எதைச் செய்தாலும் இடது கையும் கூடவே செய்யும். வலது கை கையெழுத்துப் போட்டால் இடது கை காற்றில் போடும். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை அவருக்கு. வலது கையில் பிரஷ், இடது கையில் நிறைந்த வாளி. கனம் இழுத்துப் பிடிப்பதால் கை ஆடாது. முப்பது வருஷம் ஒரு மேஸ்திரிக்கும் தெரியாமல் ஓட்டிவிட்டார். தன் பிள்ளைகள் பென்சில் பிடித்த அன்றே சொல்லிவிட்டார், எழுதும்போது இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார வேண்டும் என்று. அணில் உட்கார்ந்தாள். தம்பியும் உட்கார்ந்தான். பிறகு அணில் தன் மகள் வாலுவையும் அப்படியே உட்கார வைத்தாள். அந்த வீட்டில் அது பல் தேய்ப்பது மாதிரி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஸ்கேன் பார்த்த அன்றுதான் கேள்வி வந்தது. இந்தப் பாலம் உருவாகாமல் போவதற்கு அபூர்வமான ஒரு ஜீன் மாற்றம் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அதே மாற்றம் சிலருக்கு மூளையில் காட்டாமல் கையில் காட்டுமாம். ஒரு கை அசைந்தால் மறு கையும் அசையுமாம். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். அணில் தன் இடது கையை மெதுவாகக் கைப்பைக்குப் பின்னால் ஒளித்தாள். அத்தான் அதைப் பார்த்துவிட்டார்.

அத்தான் என்றால் அணிலின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு வெளியே வந்ததும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"உங்க வீட்டுக் கை, அணில்."

அதோடு சரி. கணவனும் மனைவியும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஆறு வாரமாக இருவருக்கும் பேச்சு வாலு வழியாகத்தான். சாப்பிட வரச் சொல்லு, பசிக்கலைன்னு சொல்லு என்று அவளை நடுவில் ஓட விட்டார்கள். தலைக்குள் பாலம் இல்லாத பெண் வீட்டுக்கே பாலமாக இருந்தாள். சும்மா இல்லை, இரண்டு கரையிலும் ஐஸ்கிரீம் வசூல் செய்துகொண்டாள்.

இன்றைக்குக் காலையில் ரிசல்ட்.

வாலுவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இருவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்கள். அத்தான் அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு யூனிஃபார்மிலேயே வந்திருந்தார், கிரீஸ் வாடையோடு. அணில் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். டாக்டரம்மா கவரைப் பிரித்து, பாப்பாவுக்கு இருக்கிற அதே மாற்றம் பெற்றவர்களில் ஒருத்தரிடமும் இருக்கிறது என்று ஆரம்பித்ததும் அணில் அந்த வாக்கியத்தை எடுத்து வைத்துவிட்டாள்.

"நான்தான் டாக்டர். எங்கப்பாகிட்டேருந்து எனக்கு வந்தது."

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இல்லைம்மா. உங்களுக்கு இல்லை. சாருக்குத்தான் இருக்கு."

அத்தான் திரும்பித் தன் பின்னால் பார்த்தார், வேறு ஏதாவது சார் நிற்கிறாரா என்று. சுவர்தான் இருந்தது.

அவர் தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். கைகள் ஆளுக்கொரு வேலை பார்த்தால்தான் தன் பிழைப்பே ஓடும் என்றார். ஒன்று பிரேக்கைப் பிடித்திருக்கும்போது இன்னொன்று நட்டைத் திருகும், ஒரு நாள்கூடக் குழம்பியதில்லை என்றார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இந்த மாற்றம் அப்படித்தான் சார். ஒருத்தருக்குப் பாலமே வளராது. ஒருத்தருக்குப் பாலம் இருக்கும், ஆனா கைக்குப் போற நரம்பு ஒரு பக்கத்துக்குப் போகாம ரெண்டு பக்கமும் போயிடும். உங்களை மாதிரி சிலருக்கு ஒண்ணுமே தெரியாது. ஒரே மாற்றம்தான். ஏன் ஆளுக்கு ஆள் மாறுதுன்னு கேட்டா, எங்களுக்கும் முழுசாத் தெரியாது."

ஒரே மெழுகில் செதுக்கிய மூன்று செட் மூன்று வாயில் மூன்று விதமாக உட்காருவதை அணில் லேபில் பார்த்திருக்கிறாள். அது புரிந்தது. மற்றது புரியவில்லை.

"அப்போ என் கை?" என்று கேட்டாள்.

இரண்டு கைகளையும் மேஜை மேல் வைக்கச் சொன்னார் டாக்டரம்மா. அணிலுக்குக் கூச்சமாக இருந்தது. இடது கையை இப்படி வெளிச்சத்தில் நாலு பேர் பார்க்க வைத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று ஞாபகமில்லை. வலது கை விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தொடச் சொன்னார். தொட்டாள். வேகமாகத் தொடச் சொன்னார். தொட்டாள். இடது கை மேஜை மேல் தன் பாட்டுக்குக் கிடந்தது. சுண்டு விரல்கூட அசையவில்லை.

அவள் இன்னொரு தடவை செய்து பார்த்தாள். டாக்டரம்மா போதும் என்ற பிறகும் செய்துகொண்டிருந்தாள்.

சின்னக் குழந்தைகள் எல்லாருக்குமே ஒரு கையோடு மறு கை கொஞ்சம் ஆடும், எட்டு பத்து வயதுக்குள் தானாக நின்றுவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். அணிலுக்கும் அப்படித்தான் நின்றிருக்கும். கையின் மேல் உட்கார்ந்துகொண்டே இருந்தால் அது நின்றது எப்படித் தெரியும்?

அதற்கப்புறம்தான் டாக்டரம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கை ஆடுகிறவர் அம்மாவின் அப்பா, மாற்றம் இருப்பதோ பாப்பாவின் அப்பாவிடம். இது எப்படி? அணிலின் அப்பா சாருக்கு என்ன உறவு என்று கேட்டார். மாமனார் என்றார் அத்தான். கல்யாணத்துக்கு முன்னால் என்று கேட்டார்.

"தாய்மாமா," என்றார் அத்தான் சின்னக் குரலில்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஃபாரத்தைத் தேடி எடுத்தார். சொந்தத்தில் கல்யாணமா என்ற கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்புகிற நேரத்தில் எங்கேயோ ஒரு லிஃப்ட் மூன்றாவது மாடியில் மாட்டிக்கொண்டு அத்தானுக்குப் போன் வந்ததும், அவர் பாதி ஃபாரத்தோடு வெளியே ஓடியதும் அணிலுக்கு ஞாபகம் வந்தது.

ஆக, உங்க வீடு என்று அவர் சொன்ன வீடு அவர் அம்மா பிறந்த வீடு. அண்ணனிடம் கையில் காட்டியது, தங்கையிடம், அதாவது அத்தானின் அம்மாவிடம், ஒன்றும் காட்டாமல் ஒளிந்திருந்து, பிள்ளையான அத்தானுக்கு வந்து, பேத்தியின் தலைக்குள் போய் நின்றிருக்கிறது. அத்தை இருந்தவரைக்கும் விசேஷ வீடுகளில் எல்லாம் அண்ணன் கையைப் பற்றித்தான் கேலி பேசுவார். இருந்திருந்தால் இன்றைக்கு என்ன சொல்லியிருப்பாரோ. மகராசி போய்ச் சேர்ந்துவிட்டார்.

எழுந்திருக்கும்போது டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். உங்களுக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா?

தம்பி ஒருத்தன், என்றாள் அணில். ஸ்கூல் வேன் ஓட்டுகிறான். அவன் மனைவிக்கு இது ஐந்தாவது மாசம். நாளைக்குக் காலையில் ஸ்கேன்.

டாக்டரம்மா எழுந்தவர்களை மறுபடி உட்காரச் சொன்னார். பிறகு, அவருக்கு இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றார். இருந்தாலும் குழந்தைக்கு வந்தே தீரும் என்று இல்லை, வந்தாலும் எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

"பயமுறுத்தச் சொல்லலைம்மா. ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் போனா, ஸ்கேன் பார்க்கிறவங்க எங்கே பார்க்கணும்னு பார்ப்பாங்க. இன்னைக்கே சொல்லிடுங்க."

சொல்லிவிடலாம். வாய் இருக்கிறது, போன் இருக்கிறது. ஆனால் தம்பிக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் தன் இடது கையைப் பற்றி மனைவியிடம் மூச்சு விடவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையும் ஒன்றாகத்தான் ஆட வேண்டும், அதனால்தான் வேன் வேலைக்கே போனேன் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தவன் அவன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று நிச்சயதார்த்தத்தன்று அக்காவிடம் சத்தியமும் வாங்கியிருந்தான்.

லிஃப்டில் இறங்கும்போது அத்தான் வழக்கம் போலக் கதவின் ரப்பரைத் தடவிப் பார்த்தார். அப்புறம் ஆறு வாரத்தில் முதல் தடவையாக, வாலு இல்லாமல், நேராக அவளிடம் பேசினார்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அணில். தப்புதான்."

அணிலுக்கு அவரை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் தோளில் சாய்ந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. எனக்கு இல்லை என்று கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம். அதுதான் அவளை உறுத்தியது. மகளுக்கு இருக்கிறது, கணவருக்கு இருக்கிறது, தம்பிக்கு இருக்கலாம், இதில் எனக்கு இல்லை என்று சந்தோஷப்பட நான் எப்படிப்பட்டவள் என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே, அப்படியானால் இத்தனை வருஷம் என் கையைக் கட்டிப்போட்டது எதற்கு என்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மத்தியானம் லேபுக்குப் போனாள். கீழ்த்தாடை செட் ஒன்று அவசரமாகக் கேட்டிருந்தார்கள். வைஸைத் திருகிக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஏப்ரனிலிருந்து இடது கையை எடுத்து, எல்லாரையும் போல மாடலை அதில் பிடித்தாள். பக்கத்து மேஜைப் பெண் செதுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். இடது கைக்குப் பிடிக்கத் தெரியவில்லை. எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது திருப்ப வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது பல்லில் மாடல் நழுவித் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

பத்தொன்பது வருஷத்தில் அணில் உடைத்த முதல் மாடல். முதலாளியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா, வீட்டுக்குப் போயேன் என்றார். அணில் துண்டுகளைப் பொறுக்கினாள். இரண்டு கையாலும் பொறுக்கினாள். அது மட்டும் வந்தது.

வீட்டுக்குப் போகவில்லை. அப்பா வீட்டுக்குப் போனாள்.

பள்ளி விட்டால் வாலு தாத்தா வீட்டுக்குத்தான் வருவாள். அணில் போனபோது அவள் சாப்பாட்டு மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், இடது கையின் மேல் உட்கார்ந்தபடி. எதிரே அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வாளி பிடித்த காலம் போய்விட்டதால் இப்போதெல்லாம் இடது கையில் தண்ணீர் நிறைந்த பித்தளைச் செம்பு ஒன்றைப் பிடித்திருப்பார்.

"கையை எடுடி," என்றாள் அணில்.

வாலு முழித்தாள். தாத்தாவைப் பார்த்தாள். எடுத்து மேஜை மேல் வைக்கச் சொல்லி, எழுது என்றாள் அம்மா. வாலு எழுதினாள். ஏழு என்று வலது கை எழுதியது. இடது கை விரல்கள் லேசாக, ஆனால் தெளிவாக, மேஜையில் ஏழு போட்டன. வாலு அதை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தாள்.

"அம்மா, இது என்னைப் பார்த்துக் காப்பி அடிக்குது. மிஸ்கிட்ட சொல்லிடவா?"

அணிலுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்தது. காப்பி அடித்தால் அடிக்கட்டும், இனிமேல் அதன் மேல் உட்கார வேண்டாம், அந்த அறையில் போய் எழுது என்று அனுப்பினாள். கதவு மூடுகிறவரைக்கும் காத்திருந்தாள்.

"எனக்கு இல்லையாம்ப்பா."

அப்பா செம்பை மேஜை மேல் வைத்தார்.

"தெரியும்," என்றார்.

அணில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சரியாகத்தான் கேட்டோமா என்று இருந்தது. அப்பா அவளைப் பார்க்காமல் செய்தித்தாளை மடித்துக்கொண்டே சொன்னார். அவளுக்கு அப்போது எட்டு வயது. ஒரு நாள் படம் வரைகிற மும்முரத்தில் மறந்துபோய்க் கையை வெளியே எடுத்துவிட்டாள். கை சும்மா கிடந்தது. அவர் வாசலில் நின்று பார்த்தார். ஒரு வாரம் தினமும் நின்று பார்த்தார். நிஜமாகவே நின்றுவிட்டது.

"அப்புறம் ஏம்ப்பா சொல்லலை?"

"தம்பிக்கு ஆறு வயசு. அவனுக்கு நிக்கலை. நாளாக நாளாக ஜாஸ்திதான் ஆச்சு. கை மேல உக்கார மாட்டேன்னு தினமும் அழுவான். அக்காவும்தானேடா உக்கார்றான்னு சொல்லுவேன். உடனே அழுகையை நிறுத்திட்டு உக்காந்துடுவான்." மடித்த தாளை மறுபடியும் மடித்தார். "உன்னை எழுப்பிவிட்டா அவன் தனியா உக்காரணும். நான் தனியாத்தான் உக்காந்தேன்மா. எனக்கு அது தெரியும்."

அணிலுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. மத்தியானம் எல்லாரையும் போல ஒரு மாடலைப் பிடிக்கப் போய் உடைத்தது கண் முன்னால் வந்தது. ஆறு வயதில் தம்பி அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, உனக்கும் கை மரத்துப்போச்சா அக்கா என்று கேட்பதும் வந்தது. ஆமாடா என்று சொன்னதும்.

"என் கைப்பா அது," என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா," என்றார் அப்பா. வலது கையால் கண்ணைத் துடைத்தார். செம்பை விட்டிருந்த இடது கையும் கூடவே எழுந்து வந்து மற்றக் கண்ணைத் துடைத்தது.

ஆக, பாதிக்குப் பாதி எல்லாம் இல்லை. தம்பிக்கு இருக்கிறது. டாக்டரம்மாவுக்கு ரத்தம் வேண்டும், அப்பாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஐந்து மாசப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி நாளைக்குக் காலையில் ஒன்றும் தெரியாமல் ஸ்கேனுக்குப் போகப்போகிறாள். சத்தியமாவது கித்தியமாவது, சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அணில் போனை எடுத்தாள். கையில் எடுத்ததும் அதுவே அடித்தது. தம்பி.

ரிசல்ட் வந்துவிட்டதா என்று கேட்டான். ரத்தம் கொடுத்த அன்றே விஷயத்தை அவனிடம் சொல்லியிருந்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. வந்துவிட்டது என்றாள்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், எது கைக்கு முதலில் கிடைத்ததோ அதைச் சொன்னாள்.

"எனக்கு இல்லைடா. அத்தானுக்குத்தான் இருக்காம்."

"உனக்கு இல்லையா? நிஜமாவா?"

"நிஜம்தான். ஆனா நான் சொல்ல வந்தது..."

அவன் கேட்கவில்லை. ஆறு வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி கொட்டியது. தூக்கமே இல்லை என்றான். வேன் ஓட்டும்போது கையையே பார்த்துக்கொண்டு ஒரு சிக்னலைத் தாண்டிவிட்டேன் என்றான். பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்து நினைத்துப் பைத்தியம் பிடிக்காத குறை என்றான்.

"உன் கையும் என் கையும் ஒண்ணுதானே அக்கா. பக்கத்துல பக்கத்துல உக்காந்து வளர்ந்ததுதானே. உனக்கே இல்லைன்னா எனக்கு எங்கேருந்து வரும்? கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, பாரு. சும்மா பயந்து செத்துட்டேன்."

போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கு ஒன்றும் இல்லையாம் என்று உள்ளே மனைவியிடம் சொல்வது கேட்டது. அந்தப் பெண் சிரித்தபடியே, அண்ணியை நாளைக்கு ஸ்கேனுக்குக் கூட வரச் சொல்லுங்க என்று சொல்வதும் கேட்டது.

"அக்கா? இருக்கியா?"

எதிரே அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் வாலு எதற்கோ தனியாகச் சிரித்தாள். அணில் வலது கையால் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது கை எப்போது தொடைக்கு அடியில் போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இருக்கேன்டா," என்றாள்.